மொட்டை எழுத்து

சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று
கூப்பிட்டார்கள். ஜும்ஆ முடிந்த கையோடு
ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு
கொம்பனித் தெருவுக்குப் போனேன்.

பக்கத்தில் நாற்பது மாடி.
அதன் நிழலுக்குள் இந்த நூல்நிலையம்,
ஒற்றை மாடி.
வாசல் கல்லில் இருபத்துமூன்று பெயர்,
எல்லாம் துவான் என்று தொடங்குகிறது:
பட்டாளத்தில் பென்சன் எடுத்த மலாய்க்காரர்கள்,
கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன்மார்.
மாதம் கால் ரூபா போட்டுக் கட்டினார்களாம்.
சொன்னவர் ஜெனிரா பொங்சோ.
நூலகர், செயலாளர், காவல்காரர், மூன்றும் அவர்தான்.
சம்பளம் கேட்டேன். சிரித்தார்.

மேற்குச் சுவரில் வயர் ஊறிக் கிடந்தது.
அலுமாரியை நகர்த்தினோம். பின்னால்
ஒரு கொப்பி விழுந்திருந்தது,
கறையான் ஓரத்தோடு நிறுத்திக்கொண்டது.
"எங்கட பாஷைதான்" என்றார்,
"வீட்டில பேசுறது. இந்த எழுத்துத்தான் தெரியாது."

பார்த்தேன். அலிஃப், வாவ், நூன்.
மருதானைப் பள்ளியில் பிரம்படியோடு ஓதிய
அரபுத் தமிழுக்கு
ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.
ஜீமின் வயிற்றில் மூன்று புள்ளி போட்டால் ச.
இங்கேயும் அப்படித்தான்.
ஆனால் மேலே கீழே ஒரு குறியும் இல்லை.
"குண்டுல் எண்டு சொல்லுவாங்க" என்றார். "மொட்டை."

ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்து
பொருள் தெரியாமல் வாசித்தேன்.
"பூச்ர்."
கண்ணை மூடினார். உதடு அசைந்தது.
"பொச்சோர்! ஒழுக்கு!"

அப்படியே ஒரு பக்கம் போனது.
மெய்யை நான் கொடுத்தேன், உயிரை அவர் போட்டார்.
சில சொல் இரண்டு பேருக்கும் அகப்படவில்லை,
தெருக்குழியைத் தாண்டுவதுபோல் தாண்டினோம்.

கூட்டக் குறிப்பு அது. ஹிஜ்ரி
ஆயிரத்து முந்நூற்று இருபத்தொன்பது.
மேற்குச் சுவரில் ஒழுக்கு.
கூரையைப் பிரித்து மாற்ற வேண்டும் என்கிறார் துவான் கிதிர்.
அறுபது சதத்துக்கு வாளி வாங்கினால் போதும்
என்கிறார்கள் மற்றவர்கள்.
கை தூக்கி எண்ணுகிறார்கள்.
வாளி வெல்கிறது.

நான் கீழே பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
ஏணிக் காலோடு ஒட்டி ஒரு வாளி,
மஞ்சள் பிளாஸ்டிக்,
அரைவாசி நிறைந்து.

அவர் சிரித்த சிரிப்புக்கு
அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

வயரை மாற்றினேன். பில் எழுதும்போது
காரணம் என்ற இடத்தில்
பே, வாவ், மூன்று புள்ளிச் ச, ரே.
வாங்கிப் பார்த்தார், விரலால் தடவினார்,
கொப்பிக்குள் வைத்து மூடப் போனார்.
பிறகு திறந்து
தொகையை மட்டும் தானே வாசித்தார்.
கூட என்றார்.