முளை

பருத்தித்துறையில் பாண் வாங்கி,
தண்ணீர்ப் போத்தல் பதினெட்டு வாங்கி,
நுளம்புத்திரி வாங்கி, நெருப்புப்பெட்டி வாங்க மறந்து
மணற்காடு வந்து சேர நாலரை.

சவுக்கங்காட்டு வாசலில் ஒரு மேசை, ஒரு கொப்பி,
பிரதேச சபைப் பொடியன்.
எத்தனை பேர்? ஐந்து.
எப்ப போவியள்?
நாளைக்கு, ஒன்பதுக்கு முன்னம்.
எழுதிக்கொண்டான்.
சருகு பொல்லாதது, மரத்துக்குக் கீழ அடுப்பு மூட்டக்கூடாது என்றான்.

வாடகைக்கு வந்த கூடாரம், செம்மஞ்சள்.
கூடவே படம் போட்ட தாள்.
படத்தில் இருந்ததெல்லாம் புல்வெளி.
யூட் அனுஷன் முளையை அடித்தான். மணல் மரியாதையாக வாங்கிக்கொண்டது.
சோளகம் ஒருமுறை மூச்சு விட
அதே மரியாதையோடு திருப்பித் தந்தது.
மூன்றாம் தரம் கூடாரமே கிளம்பிப் போய்
சவுக்குக் கொப்பில் தொங்கியது, பழுத்த பப்பாசி மாதிரி.
சிரித்தோம். தர்சிகா படமெடுத்தாள்.

வினோதரி சிரிக்கவில்லை.
கணக்குப் பிரிவு. ஸ்டேப்ளர்கூட இரவல் கேட்காதவள்.
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள்.
நட்டா நிக்காது, படுக்க வைச்சுத் தாக்க வேணும்.
முழங்கை மறையத் தோண்டினாள்.
ஈரம் வாற வரைக்கும், என்றாள்.
ஒரு தடியைக் குறுக்கே கிடத்தி
நடுவில் கயிறு கட்டி
மூடி மிதித்தாள்.
நாலு மூலையும் அப்படியே.
பிறகு குதிக்காலால் கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் கீறினாள்.

ஆவணியில ஏதடி மழை?

கீறி முடித்த கோட்டைப் பார்த்தாள்.
பழக்கம்.

எங்கே பழகினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவளுக்கு இப்போது முப்பது.
பதினாறைக் கழிக்க
கணக்குப் பிரிவு தேவையில்லை.

கடலுக்கு இறங்க வந்த ஒருவரிடம் லைட்டர் இரவல் வாங்கினோம்.
வள்ளம் கிடந்த வெறுமணலில், காற்றுக்குச் சாக்குப் பிடித்து
கணவாய் பொரித்தோம். பாதி மணல்.
காசு குடுத்தோ மணலில படுக்கிறியள்?
அவர் சிரித்த சிரிப்பு
இருட்டுக்குள் வள்ளம் போன பிறகும் கொஞ்சம் கிடந்தது.

எங்கள் வட்ஸ்அப் குழுவின் பெயர் ‘முகாம்’.
பத்து மணிபோல் தர்சிகா அதை
சத்தமில்லாமல் ‘கணவாய்’ என்று மாற்றினாள்.
இரண்டடி தள்ளிப் படுத்திருந்த வினோதரி
ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.
பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
குறட்டை.

நாங்கள் நால்வரும் விடியும்வரை விழித்திருந்தோம்.
எதுவோ சருகில் நடந்தது. நாயாயிருக்கும்.
அலை ஒவ்வொன்றும் கிட்ட வருவதுபோல் கேட்டது.
துணி உப்பி உப்பி வடிந்தது.
முளை மட்டும் அசையவில்லை.
அவளும்தான்.

விடிந்தபோது வாய்க்கால் தூர்ந்திருந்தது.
கடலுக்கு மேலே வெயில், நேரே கண்ணுக்குள்.
புதைத்த தடியைக் கிளப்ப
ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அவள் பல் தீட்டிக்கொண்டே பார்த்தாள்,
உதவிக்கு வரவில்லை. முதல்முறையாகச் சிரித்தாள்,
வாய் நிறைய நுரை.

மேசையில் பொடியன் கொப்பியைத் திருப்பினான்.
வெளியேறிய நேரம் என்று ஒரு கட்டம்.
நான் எழுதுறன், என்று பேனையை வாங்கினாள்.
மணிக்கூட்டைப் பார்த்து, நிமிடத்தையும் விடாமல்,
எட்டு நாற்பத்து மூன்று.
கையெழுத்து, அதற்குக் கீழே ஒரு கோடு.

நெல்லியடி தாண்டித்தான் கண்டோம்,
சபையின் பேனை
அவள் கொண்டையில்.