பதிவு செய்த எண்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்
படுக்கையறை ஏ.சி.
வெறும் காற்றைத் துப்பியது.
பிறகு அதுவும் நின்றது.
கோச்சடையில் இரவு பதினோரு மணிக்கும்
எங்கள் மொட்டைமாடி தோசைக்கல்தான்.
ஈரத்துண்டைத் தரையில் விரித்து
கபிலேஷைக் கிடத்தினேன்.
அவன் முதுகெல்லாம் வேர்க்குரு.

வாரண்டி இருக்கிறதே என்று பீரோவைக் குடைந்தேன்.
டவுன்ஹால் ரோட்டுக் கடையின் முத்திரை
கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது.
ஒரு வருஷம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
வாடிக்கையாளர் பெயர்:
திரு. வ. தயாளன்.

அட்டையின் முன்பக்கத்தில்
உள்ளங்கை அகலத்துக்குப் பத்து வருஷம்.
பின்பக்கம் படிக்க
கண்ணாடியும் டார்ச்சும் வேண்டியிருந்தது.
பத்து, கம்பிரசருக்கு மட்டும்.
மற்ற எதற்கும் ஒன்றுதான்.
கேஸ் தனி. பிளாஸ்டிக் உடைந்தால் கிடையாது.
ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டியிருந்தால்
எதுவுமே கிடையாது.
கைமாறினால் செல்லாது.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்
இப்படிப் பொடி எழுத்தில் யாரும் அச்சடிப்பதில்லை.
அடித்திருந்தாலும்
நான் படித்திருக்க மாட்டேன்.
ஜரிகை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
"பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. போயிருக்கு, சொல்லுங்க மேடம்."
அந்த எண் ஓசூரில் இருக்கிறது.
எட்டு மாதமாக எங்களுக்குள் எல்லாம் வக்கீல் வழி.
அடுத்த வாய்தா ஜூன் இருபது.
"பத்து நிமிஷம்தான் செல்லும் மேடம்."

இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.
ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், என்றேன்.
அந்தப் பக்கம் குக்கர் விசில்.
யார் வைத்த குக்கர் என்று கேட்கவில்லை.
ஏழு, என்றார். ஏழு. மூணு. ஒண்ணு.
கேட்காமலே இன்னொரு தரம், மெதுவாக,
வாய்ப்பாடு சொல்லித்தருவதுபோல.
பிறகு,
"ஸ்டெபிலைசர் பில் பச்சைக் கவர்ல இருக்கு.
கேப்பாங்க."
பையன் எப்படி இருக்கிறான் என்பதற்குள்
லைன் போய்விட்டது.
நான்தான் வைத்தேனோ.

மறுநாள் உச்சிவேளையில்
நெல்பேட்டையிலிருந்து சிக்கந்தர் வந்தார்.
நாலு ஸ்க்ரூ கழற்றி, மூடியைத் திறந்து,
"அக்கா, இங்க வந்து பாருங்க" என்றார்.
சர்க்யூட் போர்டின் குறுக்கே
கருகி ஒட்டிக்கிடந்தது ஒரு குட்டிப் பல்லி.

அட்டையை மறுபடி திருப்பினேன்.
பூச்சி, பல்லி, எலி புகுந்தால்
கம்பெனி பொறுப்பாகாது.
பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் உண்டு:
தலையில் விழுந்தால் கலகம்,
வயிற்றில் விழுந்தால் தானியம்.
போர்டில் விழுந்தால்
நாலாயிரத்து எண்ணூறு.

அதைத் தட்டிவிட்டு
ஈரம் இறங்கிருச்சுன்னு எழுதக்கூடாதா, என்றேன்.
சிக்கந்தர் தலையைச் சொறிந்தார்.
"திறந்ததும் போட்டோ அனுப்பிட்டேங்க்கா. பழக்கம்."
குரலில் உண்மையான வருத்தம்.
அதற்கு ஈடாக வடிகுழாயைச் சும்மாவே கழுவிக் கொடுத்தார்.
பச்சைக் கவரை யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததற்கும் ஒரு ஓ.டி.பி. உண்டாம்.
மறுபடியுமா என்று போனைக் கையில் எடுத்தேன்.
அதுவே நடுங்கியது.
ஒரு செய்தி.
நாலு எண்கள், வேறொன்றும் இல்லை,
ஒரு புள்ளிகூட.

"நம்பரை மாத்திரலாமாக்கா?
பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. போகும்,
அவ்வளவுதான்."

வாய்தா முடியட்டும் தம்பி, என்றேன்.
எந்த வாய்தா என்று அவருக்குத் தெரியாது.
தலையாட்டிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

பல்லியை பில்லில் மடித்துக்
குப்பையில் போட்டேன்.
வெளியே, சுவரில் தொங்கியபடி,
கம்பிரசர் உறுமத் தொடங்கியது.
அதற்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது.