இரண்டு கொரடாச்சேரி

பொற்கொடி,
உங்கள் திருத்தத்தைப் படித்தேன்.
பச்சையில் பதினேழு வரி, சிவப்பில் நாலு.
தலைப்பு சரியில்லை.
'சின்ன மாற்றம்' என்று போட்டிருக்கிறீர்கள்.
எங்கள் பக்கம் தலைப்பு என்றால்
நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில்
வெண்ணாறு மூன்றாய்ப் பிரிகிற இடம்.
அங்கே ஒரு பலகையைச் சாண் தூக்கினால்
முத்துப்பேட்டைப் பக்கம் எவர் வயலிலோ தெரியும்.
சின்னது என்று அங்கே யாரும் எழுதுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.
கொ என்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள்
ஒரே துண்டாய்த் தருகின்றன.
சில, கொம்பு தனி, கால் தனி.
கண்ணுக்கு ஒன்று, நம் கருவிக்கு இரண்டு.
அதனால் ஒரே அடைவுக்குள்
இரண்டு கொரடாச்சேரி உட்கார்ந்திருக்கிறது,
ஒரே பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத
பங்காளிகள் மாதிரி.

ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்குகிறீர்கள்.
நியாயம்.
எட்டாம் வரி அழகு என்றுகூடச் சொல்வேன்.
(சொல்லிவைத்தால்
இனி வருவதற்குக் கோபப்படமாட்டீர்கள்.)

ராத்திரி பதினொன்றரை.
கூத்தாநல்லூரில் கரண்ட் போய் வந்தது.
மோடம் கண் விழிக்கும்வரை இருந்து
சோதனைக்கு ஒரு களஞ்சியம் கட்டினேன்.
ஒரு கிளையில் ஒரு கொரடாச்சேரி, நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
மறு கிளையில் மற்றது, நாற்பது.
உங்கள் திருத்தத்தை வைத்து இணைத்தேன்.

பிழை இல்லை. எச்சரிக்கை இல்லை.
'முடிந்தது' என்றது.
திறந்தால் நாற்பது பேர்.
மிச்சப் பேர் எங்கே என்று
எந்த வரியும் வாய் திறக்கவில்லை.

பகலில் நான் இ-சேவை மையத்தில் உட்காருகிறவள்.
போன தையில் ஒருவர்,
பட்டியலில் பெயர் பொருந்தவில்லை என்று
கொள்முதல் நிலைய வாசலில்
அறுபது மூட்டையோடு நாலு நாள் கிடந்தார்.
மூன்றாம் நாள் மழை.
முளைவிட்ட நெல் ஒரு பிடி
என் மேசையில் கொட்டி,
'இதாவது பொருந்துதா பாரும்மா' என்றார்.
திரையில் சிட்டாவும் ஆதாரும்
எழுத்துக்கு எழுத்து ஒன்றாய்த்தான் இருந்தன.
எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.
நெல்லைக் கூட்டி
காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

நேற்று ராத்திரி,
'பைட் வேறானால் பெயர் வேறு' என்ற இந்தப் பழைய வரியை
எந்த மகாராசன் எழுதினான் என்று
கருவியையே கேட்டேன்.
அஸ்மத் பீவி.
ஒன்பது வருஷம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை.
தலைப்பு: சின்ன மாற்றம்.

முதல் பத்தியில் சொன்னதை
வாபஸ் வாங்கவில்லை.
குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

இரண்டும் ஏற்கெனவே இருந்தால் விழுங்கவேண்டாம்.
நிறுத்துங்கள். இரண்டையும் காட்டுங்கள்.
எது எதுவென்று ஆளைக் கேளுங்கள்.
இந்த மண்ணில் ஆறு பிரிந்துதான் பழக்கம்;
பிரிந்த கோரையாறு திரும்பி
வெண்ணாற்றில் ஏறியதில்லை.
சேர்த்தே தீருவேன் என்பது நம் பிடிவாதம்.
பிடிவாதக்காரர்கள்தான்
தலை எண்ணி வைக்கவேண்டும்.

ஆப்பிள் கணினியிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் யாரையாவது.
எனக்கு அந்த வசதி இல்லை.
பதிமூன்றாம் வரிக் கடைசியில்
ஒரு வெற்றிடம் தொங்குகிறது.

இன்னொன்று, திருத்தத்துக்குச் சம்பந்தமில்லை.
பங்களித்தோர் பட்டியலில்
நீங்கள் இரண்டு பேராய் நிற்கிறீர்கள்.
ஒரு பொற்கொடி, தலைஞாயிற்றில்
கைப்பேசியில் பெயரைத் தட்டியவர்;
அவர் கணக்கில் பதினொரு திருத்தம்.
இன்னொருவர் ஏதோ அலுவலகக் கணினியில்;
அவருக்கு இதுதான் முதல்.
'புதியவர், பொறுமையாய்ப் பதில் சொல்லவும்' என்று
கருவி எனக்குக் குறிப்புக் காட்டியது.
பொறுமையாய்த்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வடிவத்தை
இருவரில் யார் அனுப்பினாலும் சரி.