வால் இல்லாத கோப்பு

சலவை இயந்திரத்தின் ரப்பர் மடிப்பில்
ஒற்றைக் காலுறை, ஐந்து ராப்பன் நாணயம்,
அடியில் ஒரு பென் டிரைவ்.
சென்காலனில் எங்கள் கட்டடத்துக்குச்
செவ்வாய் என் முறை.
திங்கள் யார் முறையோ,
பலகையில் ஈரம் பட்டுப் பெயர் அழிந்திருந்தது.

கண்டெடுத்தேன் என்று எழுதி ஒட்டினேன்.
நான்கு நாள். யாரும் வரவில்லை.
அரிசிக்குள் புதைத்து உலர்த்தி
மடிக்கணினியில் செருகினேன்.

உள்ளே ஒரே ஒரு கோப்பு.
பெயர்: 7.
புள்ளி இல்லை, புள்ளிக்குப் பின் மூன்றெழுத்தும் இல்லை.
எதில் திறக்கட்டும் என்று கணினி கேட்டது.
நான் உன்னையல்லவா கேட்டேன்.

படம் என்று திறந்தேன், பழுது என்றது.
பாட்டு என்று திறந்தேன், மௌனம்கூட வரவில்லை.
வேர்டில் சதுரம் சதுரமாகக் கொட்டி
நடுவே ஒரு ö
இரு கண்ணும் திறந்து விழித்தது.

காப்பீட்டு நிறுவனத்தில் பத்து வருடம்,
கோபக்காரர்கள் அனுப்பும் இணைப்புகளைத்
திறந்து கொடுப்பதே என் உத்தியோகம்.
வால் பொய் சொல்லும். தலை சொல்லாது.
பைட்டுகளை வரிசையாக விரித்தேன்.
PK இல்லை, ஆகவே மூட்டை கட்டியது அல்ல.
விழுக்காட்டுக் குறியும் இல்லை, ஆகவே பிடிஎஃப் அல்ல.
LA என்று இருந்தது. பிறகு ST: 1912. பிறகு CO: 1.
பிறகு வெற்றிடம், வெற்றிடம், பாத்தி பாத்தியாய் வெற்றிடம்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு தாண்டியதும்
மும்மூன்றாக ஏதோ நடக்கத் தொடங்கியது.

மறுநாள் பேருந்து சிக்னலில் நிற்க,
தையற்கடைக் கண்ணாடிக்குள் ஓர் ஊசி
ஆளே இல்லாமல் எம்பி எம்பிக் குத்தியது.
அட.
ST, தையல். CO, நூல் மாற்றம்.

இத்தனை வலம், இத்தனை மேல், குத்து.
இரவு பதினொன்றுக்கு வரைந்து முடித்தேன்.
ஆர். ஒய்க்ஸ்டர்.
அதன் கீழே சுண்டுவிரல் நகமளவு
ஒரு பேரிக்காய்.

மூன்றாம் மாடி. பாதிதான் திறந்தார் கதவை.
"மே மாதம் முதியோர் இல்லம் போகிறேன்.
அங்கே எல்லார் துணியும் ஒன்றாகத் துவைக்கிறார்கள்,
பெயர் தைத்து எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள்.
ஐம்பத்திரண்டு உருப்படி, உள்ளாடை சேர்க்காமல்."

பேரிக்காய் எதற்கு?

"பெயரை வாசிக்க முடியாத நாள் வரும் என்கிறார் டாக்டர்.
அன்றைக்குப் பேரிக்காயாவது தெரியும்."

எங்கள் மொழியில் பேரிக்காய்க்குள்ளேயே பேர் இருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

நூலை மாற்று என்பதோடு நின்றுவிடுகிறது கோப்பு.
என்ன நிறமென்று எழுதி வைக்கும் வழக்கம்
அந்த வகைக்குக் கிடையாது.
அதை மட்டும் கேட்டேன்.

"நீலம்."

நீலப் பேரிக்காயா?

"மஞ்சளில் போட்டால்
நன்றாயிருக்கிறதென்று எவளாவது எடுத்து மாட்டிக்கொள்வாள்."