ஏழாவது பிரஷ்

தூரிகை என்று எழுதினால்
யாரோ ஓவியர் என்று நினைத்துவிடுவீர்கள்.
பிரஷ் என்றே வைத்துக்கொள்வோம்.
மூக்கு முடிந்து கன்னம் தொடங்கும் இடத்தில்
சின்னதாய் ஒரு பள்ளம் இருக்கிறதே,
அதற்காக ஒன்று.

கடையில் வாங்குகிற எதுவும் அதற்குள் இறங்காது.
வட்டமானது மேலாக வழுக்கிப் போகும்,
தட்டையானது கோடு கிழிக்கும்.
கச்சான் இன்னும் ஓயாத ஆவணி முகூர்த்தங்களில்
அந்தப் பள்ளத்தில்தான் பவுடர் முதலில் திரளும்.
படம் எடுப்பவரின் விளக்கும்
முதலில் அதைத்தான் பிடிக்கும்.

அளவெடுக்க வேறு முகம் கிடைக்கவில்லை.
கோதுமை மாவைக் குழைத்து
என் வலக்கன்னத்தில் அப்பிக்கொண்டு
கால் மணித்தியாலம் சிரிக்காமல் கிடந்தேன்.
உரித்துக் கவிழ்த்தால்
மாவில் இருந்தது பள்ளமல்ல, ஒரு மேடு.
அந்த மேட்டைத் தடவித் தடவி
முதலாவதை வரைந்தேன்,
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்.

மயிருக்கு அலைந்தேன்.
கோட்டையடியில் மான்கள் உரசிப்போன கம்பியில்
ஒட்டியிருந்ததைச் சேர்த்துப் பார்த்தேன்.
உள்ளே வெறும் காற்று, தொட்டால் முறிகிறது.
தங்கூசியை நறுக்கிக் கட்டினேன்.
மீனுக்குச் சரி; இமைக்குக் கீழே ஊசி.
கடைசியில் கிண்ணியா இறைச்சிக்கடை நஸ்வர்
"எத்தனை கிலோ வேணும்?" என்றார்.
ஒரு தேக்கரண்டி என்றேன்.
அவர் அனுப்பிய ஆட்டு மயிருக்கு
மூன்று தரம் ஷாம்பு போட்டேன்.
நான்காம் நாள் மழை வந்தது.
அறைக்குள் ஓர் ஆடு நின்றது.

பிடியைக் கடைந்தவர் பாலையூற்று கிறகோரி.
வள்ளங்களின் தண்டு கடைகிற லேத்தில்
சுண்டுவிரலளவு முதிரைக் கட்டை
இரண்டு முறை பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.
"இதால என்ன பூசப்போறியள்?"
"நிழல்."
அவர் மேலே கேட்கவில்லை.
மயிரையும் கட்டையையும் இணைத்த வளையம்
பழைய ரி.வி. அன்ரனாக் குழாய்.

ஐந்தாவது உருண்டு உருண்டு மேசையிலிருந்து விழுந்தது.
ஆறாவதை ஒரு பக்கம் சீவினேன்.
ஏழாவதில்
கட்டைவிரல் அமர ஒரு குழி.
பிடித்தால் போதும், நுனி தானாய்ச் சரிந்து
மூக்கோரம் போய் நிற்கும்,
கண்ணாடி பார்க்காமலே.
அன்றிரவு நாலு தரம் பூசி நாலு தரம் கழுவினேன்.

உவர்மலையில் ஒரு கல்யாணம்.
விடிய மூன்றரை.
பவுடர் பறக்குமென்று ஃபேனை நிறுத்தியாயிற்று.
மணப்பெண் சுவேந்தினி, வங்கியில் வேலை,
கண்ணை மூடிக்கொண்டு
பெட்டகச் சாவியை யாரிடம் கொடுத்தேன் என்று
தனக்குத்தானே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் ஏழாவதை எடுத்தேன்.
விரல் குழியில் அமர்ந்தது.
நுனி சரிந்தது
காதுப் பக்கம்.

திருப்பினேன், விரலுக்கு இடமில்லை.
இடக்கையால் பிடித்தேன், இடக்கைக்கு எழுத்தே தெரியாது.
எட்டு மாதம்
ஒரே முகத்தில், என்னுடையதில்,
கண்ணாடிக்குள் நின்றே வேலை பார்த்திருக்கிறேன்.
என் பிழைப்போ
இன்னொருத்திக்கு எதிரே நிற்பது.

"என்னக்கா?"
ஒற்றைக் கண் திறந்தது.
சொன்னேன்.
"தாங்கோ" என்று கை நீட்டினாள்.
அவளுடைய கட்டைவிரல் கொஞ்சம் தடிப்பு,
நோட்டு எண்ணிய விரல்.
குழி அதற்கும் போதுமாயிருந்தது.
நான் கண்ணாடியை உயர்த்திப் பிடித்தேன்.
ஒரே இழுப்பு.
பள்ளம் காணாமல் போனது.
இல்லை, பள்ளம் அங்கேயே இருந்தது,
பவுடர்தான் தெரியவில்லை.

எட்டாவதுக்குக் குழி வேண்டாம்,
நேராய் விடுங்கோ என்று
கிறகோரியிடம் சொல்லிவிட்டேன்.
ஏழாவது அன்றைக்கே
நகைப்பெட்டியோடோ கூறைச்சேலையோடோ
மண்டபத்துக்குப் போய்த் திரும்பவில்லை.
கேட்கலாம்.
பில்லில் ஒரு வரி சேர்க்கலாம்.
என் வலக்கன்னத்தின் அளவு அவளிடம் இருக்கிறது,
இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் போன் எடுத்துச் சொல்லவேண்டும்.
மார்கழி மழை பிடித்தால்
அவள் அலுமாரிக்குள்ளும்
ஓர் ஆடு வந்து நிற்கும்.