மூன்றாவது கோடு

ஸ்தோத்திரக் கவரின் மேல் மூன்று கோடுகள்.
பெயர். தொகை. காரணம்.
மூன்றாவது கோடுதான் இருப்பதிலேயே சின்னது.
அச்சடித்தவன் என்ன நினைத்தானோ.

பெயர் எழுதிவிட்டேன்: ஞானசிகாமணி, கிணறுவெட்டு.
தொகை, ஆயிரத்து ஒன்று.
இரண்டாம் மணியும் அடித்தாயிற்று,
பேனா இன்னும் மூன்றாவது கோட்டின் தலைமாட்டில் நிற்கிறது.

எழுபத்தெட்டு அடி.
ஆலங்குளத்துக்கு மேற்கே காற்றாடிகள் சுற்றும் காடு.
மேலே கிரேன். கீழே நானும் உய்க்காட்டானும்.
எங்களுக்கென்று சல்லடை அகலத்தில் ஒரு வானம்.

வடக்குச் சுவரில் முதலில் மண்தான் உதிர்ந்தது,
யாரோ மேலே நின்று அரிசி புடைக்கிற மாதிரி.
தொட்டியில் ஒரு ஆளுக்குத்தான் இடம்.
"ஏறுல" என்றான்.
"நீ ஏறு" என்று நான் சொன்னேனா?
இரண்டு வருஷமாக யோசிக்கிறேன்.
என் கால் தொட்டிக்குள் இருந்தது,
அது மட்டும் ஞாபகம்.

நான் ஏறி வரவில்லை.
கயிற்றை ஒரு சாண்கூட இழுக்கவில்லை.
கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன், தூக்கினார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில்
கிருபை என்றால் என்னவென்று ஒரே மூச்சில் ஒப்பித்து
சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான்.
அதற்கு ஒரு முகம் இருக்கும்,
புருவத்தில் மண் அப்பியிருக்கும் என்று
அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான்காம் நாள்தான் அவனை எடுத்தார்கள்.
"லாசருவுக்கும் நாலு நாளுதானப்பா?"
என்று என் மகள் கேட்டாள்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

போன வருஷம் அசனச் சோற்றைத்
தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன்.
மடியில் பீடித்தட்டு. நிமிராமலே சொன்னாள்:
"நீயாவது மேல வந்தியேன்னு
பதினாறு கழிஞ்ச மறுநாளே
சொடலைக்கு ஒரு தேங்கா ஒடச்சேன்."
இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள்.
எனக்கான நன்றியை
எனக்கு முன்னால் அவள் செலுத்தியிருந்தாள்,
தாலி இறக்கின கையால்.
வாளியை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
மூடியை மறந்துபோய்க் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கோயிலில் பாடியிருக்கிறேன்.
எனக்குப் பதிலாக என்ற வார்த்தை வரும்போதெல்லாம்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பாடியிருக்கிறேன்.
இப்போது அந்த வார்த்தை வந்தால்
கால் குறுகுறுக்கிறது,
தொட்டிக்குள் வைத்த அதே கால்.

"ரெண்டையும் ஒண்ணாக்கக் கூடாது" என்றார்
ஜெபரத்தினம் உபதேசியார்.
ஒன்றாக்கவில்லை ஐயா.
ஆண்டவர் எழுந்தார் என்று நம்புகிறேன்,
உய்க்காட்டான் எழவில்லை என்று தெரியும்.
ஆனால் நான் கிணற்றுக்காரன்.
இறங்கின ஆழத்தை வைத்துத்தானே
இறங்காத ஆழத்தைச் சொல்ல முடியும்?

இன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டேன்,
காலர் லேசாகத் தீய்ந்துவிட்டது.
அந்த வாடைக்கு ஸ்தோத்திரம்.
மேற்கே மலை மூடிக்கிடக்கிறது, சாரல் இன்னும் இங்கே எட்டவில்லை,
காற்றுக்கு மட்டும் ஈரம். அதற்கும்.
மூக்கு இருக்கிறதே, உள்ளே போய் வெளியே வருகிறதே.

பிழைத்தேன் என்று எழுதலாமா?
அந்தச் சொல்லைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்
குற்றம் செய்தேன் என்றும் வாசிக்கலாம்.
தமிழுக்குத் தெரிந்திருக்கிறது.

காணிக்கைப் பை மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது.
வீடு பால் காய்ச்சியது, மகன் பாஸானது,
கல் அடைப்பு கரைந்தது எல்லாம் விழுகிறது அதற்குள்.
அடுத்த ஞாயிறு ஒவ்வொன்றாக வாசிப்பார்கள்.
என் கவரில் உபதேசியார் ஒரு நொடி தடுமாறுவார்.
தடுமாறட்டும்.

உய்க்காட்டான் என்று எழுதினேன்.
கோட்டுக்குள் அடங்கவில்லை.
கடைசி எழுத்தின் புள்ளி
கவரைத் தாண்டி
என் கட்டைவிரலில் விழுந்தது.