மாத்திரைக் கணக்கு

ஒரு டப்பாவுக்கு முப்பது.
மீந்ததை எண்ணுவது என் வேலை.
நீல பிளாஸ்டிக் தட்டு, ஒரு ஐஸ்கிரீம் குச்சி,
எண்ணும்போது முகத்தைப் பார்க்கக் கூடாதென்று
எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்.

கூட இருந்தால் மறதி.
மாசிமகம், கல்யாண வீடு,
நாத்தனார் வந்து பத்து நாள் தங்கியது.
திட்டமாட்டேன்.
"ஞாபகம் வந்த நிமிஷமே போடுங்க,
மறுநாள் ரெண்டாப் போடாதீங்க" என்பேன்.

முதுநகர் அஞ்சாப்புலிக்கு விசைப்படகில் வேலை.
போன மாதம் சொல்லி அனுப்பினேன்:
ஒன்பது மணி. கரையில் சீரியல் முடியும்போது,
கடலில் ராத்திரி வலை இறக்கும் முன்.
யாராவது கேட்டா சத்து மாத்திரை.
வயிறு எரிஞ்சா அந்த மருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு.
முழுங்கி ஒரு மணிக்குள்ள வாந்தி வந்தா இன்னொண்ணு.
"எனக்குக் கடல் குமட்டாதுங்கம்மா."
கடலைச் சொல்லலை, சாராயத்தைச் சொன்னேன்.
சிரித்தார்.

இன்று
ஏழு நாள் முந்தி வந்து நிற்கிறார்.
டப்பாவைக் கவிழ்த்தால்
ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலம் மட்டும் விழுகிறது.

இருபத்து மூன்று நாள். முப்பது மாத்திரை.
"கடல்ல விழுந்துடுச்சு."
டப்பாவில் உப்புப் பூக்கவில்லை.
பேனாவை மூடி வைக்கிறேன்.

இந்த மாசம் எத்தனை ராத்திரி கரையில இருந்தீங்க?

விரல் விடுகிறார்.
எஞ்சின் பழுது ரெண்டு, புயல் எச்சரிக்கை மூணு,
மாமனார் காரியம்,
அப்புறம் நேத்து.
ஏழில் நின்றது விரல்.

பச்சைவாழி என்று பெயர்.
பக்கத்து வீட்டுப் பெண் இங்கே கூட்டிப் பெருக்குகிறாளாம்.
வரமாட்டாளாம்.
"நான் போடுறப்ப அவளும் கையை நீட்டுவா.
எப்படிங்கம்மா இல்லைன்றது?"

பகிர்ந்து உண்ணாதே என்று
ஊரிலேயே சொல்லும் ஒரே மேஜை இது.
சோறென்றால் பாதி கொடு, மீனென்றால் தலையையும் கொடு.
இதை மட்டும் கொடுக்காதே.
விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்தைப் படித்துக்கொள்ளும்,
அப்புறம் மருந்து அவளைத் திரும்பிப் பார்க்காது.
ஆயிரம் முறை சொன்னதுதான்.
நீட்டிய கையை நினைத்துக்கொண்டு
இன்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

"எங்க இருக்காங்க?"
"சைக்கிள் ஸ்டாண்டுல. முக்காடு போட்டுக்கிட்டு."

பெருக்கும் பெண்ணுக்கு ஒரு மணிக்கு டூட்டி முடியும்.
இப்போது பன்னிரண்டு நாற்பது.
டோக்கன் நாற்பத்தொன்றைக் கொஞ்சம் உட்காரச் சொல்கிறேன்.
பின்பக்கக் கதவை யாரும் திறந்ததில்லை போல,
தாழ்ப்பாளை
இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது.